உளவியலோடு குற்றவியலும் சேர்த்துப் படிப்பது சரியா?

களுவாஞ்சிகுடிப் பிள்ளை

அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம். இந்த முறை ஏ.எல் கலைப்பிரிவில் அளவையியல், அரசறிவியல், புவியியல் எடுத்து நல்ல பெறுபேறு வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோரைப் பார்த்தால் எங்காவது ஒரு கலைப்பீடம் கிடைக்கும் போலத்தான் இருக்கிறது. எனக்கு உளவியல் படிக்க விருப்பம், அதோடு குற்றவியலும் படிக்க வேண்டும் என்று ஒரு ஆசை. ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான், ஜெயிலுக்குப் போய் வந்த பிறகும் ஏன் திரும்பச் செய்கிறான் என்பதெல்லாம் நான் சும்மா இருக்கும்போதும் யோசிக்கிற விஷயங்கள்.

வீட்டில் ஒரே சண்டை. அம்மாவுக்குக் குற்றவியல் என்றால் பொலிஸ் வேலை, "கள்ளனோடும் காவாலியோடும் உனக்கென்ன வேலை" என்கிறா. அப்பா வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு டிகிரியை எடுத்துவிட்டு டீச்சராக வா என்கிறார். கொழும்பில் இருக்கிற மாமி மகன் சொல்கிறார், அங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பட்டமாக இரண்டையும் சேர்த்தே மூன்று வருடத்தில் படிக்கலாமாம். காசு லட்சக்கணக்கில், அதற்கு வயல் காணியில் கொஞ்சம் விற்க வேண்டி வரும்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதா, ஒன்றை முடித்துவிட்டு மற்றதா? கணக்கு எனக்கு ஓ.எல்லோடு சரி, அது பிரச்சினையாகுமா? படித்தவர்கள், இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை

தங்கச்சி, கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் முதலில் சொல்வதில்லை. உளவியலில் புள்ளிவிபரம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. முதல் வருடத்திலேயே சராசரி, நியம விலகல், கருதுகோள் சோதனை என்று வந்துவிடும், அப்புறம் எஸ்.பி.எஸ்.எஸ் மென்பொருளோடு இரவிரவாக மல்லுக்கட்ட வேண்டும். கொலைகாரனின் மனதைப் படிக்கலாம் என்று டிவி சீரியல் பார்த்துவிட்டு வந்து, இரண்டாம் பருவத்தில் முழிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பயப்படாதீர்கள், இது ஏ.எல் இணைந்த கணிதம் மாதிரி இல்லை. கூட்டல் கழித்தலை மெஷின் செய்யும். எந்தச் சோதனையை ஏன் போட்டோம், வந்த விடை என்ன சொல்கிறது என்பதுதான் உங்கள் வேலை. அளவையியல் நன்றாகச் செய்த பிள்ளைக்கு அது வரும்.

தனியார் பட்டம் பற்றி: காணியில் கை வைக்க முன்னம் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்று, பட்டம் தருகிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை நமது யூ.ஜி.சி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அங்கீகரிக்கிறதா. இரண்டாவது, அந்தப் பாடநெறியைப் பிரித்தானிய உளவியல் சங்கம் அங்கீகரித்திருக்கிறதா. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பதும் பாடநெறிக்கு இருப்பதும் வேறு வேறு. அங்கே நடக்கிற அதே பாடநெறிக்கு அந்தச் சங்கத்தின் அங்கீகாரம் இருந்தால்கூட, இங்கே கொழும்பில் நடக்கிற வகுப்புக்கும் அது செல்லும் என்று நினைக்கக் கூடாது, தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு பாடம் கலந்த பட்டங்களில் இன்னொரு சிக்கல், உளவியல் பங்கு போதாமலோ இறுதி வருட ஆய்வு உளவியலில் இல்லாமலோ போனால் அந்த அங்கீகாரம் கைக்கு வராது. பிறகு உளவியலில் மேலே போக நினைக்கும்போதுதான் கதவு சாத்தியிருப்பது தெரியும்.

இங்கே மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய முதல் பட்டம் போதாது, அதற்கு மேலே முதுநிலைப் பட்டமும் இலங்கை மருத்துவ சபையில் பதிவும் வேண்டும். அதனால் என் கருத்து: உளவியலை முழுதாக எடுங்கள், குற்றவியலை முதுமாணியில் பார்த்துக்கொள்ளலாம். ஓடத்தில் ஒரு கால் தோணியில் ஒரு கால் வைக்கிற வேலை வேண்டாம்.

நீதிமன்ற வாசல்

மகள், மேலே தம்பி சொன்னதில் அங்கீகாரம் பற்றிய பகுதி சரி. "குற்றவியலைப் பிறகு பார்க்கலாம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் நன்னடத்தைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், மட்டக்களப்பிலும் இருந்தேன், அம்பாறைப் பக்கமும் இருந்தேன்.

எங்கள் வேலை எப்படி என்றால், ஒரு பையன் சைக்கிள் எடுத்துவிட்டான் என்று பொலிஸ் கொண்டுவந்து நீதவான் முன் நிறுத்தும். நீதவான் எங்களிடம் சமூக அறிக்கை கேட்பார். நாங்கள் வீட்டுக்குப் போவோம். தகப்பன் என்ன தொழில், தாய் மத்திய கிழக்கில் இருக்கிறாவா, பையன் கடைசியாக எப்போது பள்ளிக்கூடம் போனான், யாரோடு திரிகிறான், அந்த ஒழுங்கையில் கஞ்சா யார் விற்கிறது, ஐஸ் போதைப்பொருள் வந்துவிட்டதா, எல்லாம் எழுத வேண்டும். அறிக்கையில் பையனின் மனநிலைக்கு ஒரு பந்தி போதும். மிச்சம் முழுக்க அவனைச் சுற்றியிருப்பது. உளவியல் மட்டும் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அந்த ஒரு பந்தியை நான்கு பக்கத்துக்கு எழுதுவார்கள், ஒழுங்கையைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதை வைத்து நீதவான் என்ன முடிவெடுக்கிறது?

குற்றவியல் படித்தால் தெரியும் இன்னொன்று, பதின்ம வயதில் சட்டத்தை மீறுகிறவர்களில் பெரும்பாலானோர் இருபது வயது தாண்டத் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். மிகச் சிலர்தான் சிறுவயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறவர்கள். நியூசிலாந்தின் டனிடன் நகரத்தில் 1972-73இல் பிறந்த பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வை வைத்து டெரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993இல் இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டினார். இது தெரிந்த அலுவலர் முதல் தடவை பிடிபட்ட பையனைச் சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பச் சொல்லி அவசரப்பட்டு எழுத மாட்டார். ஒருமுறை உள்ளே போய் வந்தால் ஊரில் பெயர் விழுந்துவிடும், பிறகு கடையில் கூட வேலைக்கு எடுக்க மாட்டார்கள், விட்டுவிட்டு வரவேண்டிய வயதில் அவனை அங்கேயே கட்டிப் போட்டதாகிவிடும்.

சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். நமது நாட்டில் குற்றப் பொறுப்புக்கான வயது முன்பு எட்டு, 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திப் பன்னிரண்டு ஆக்கினார்கள். பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்தது என்னவென்று விளங்குகிற முதிர்ச்சி இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். முதிர்ச்சி என்பது உளவியல், பொறுப்பு என்பது சட்டம். உங்கள் இரண்டு பாடமும் ஒரே மேசையில் வந்து நிற்கிற இடம் அது.

அம்மாவிடம் சொல்லுங்கள், எங்கள் அலுவலகத்தில் யாரும் துவக்கு வைத்திருக்கவில்லை என்று. கோப்புதான் இருந்தது, அதுவும் கறையான் அரித்த கோப்பு.

கொக்கட்டிச்சோலை லண்டன்

நான் இங்கே இங்கிலாந்தில் இரண்டையும் சேர்த்தே படித்தவன். வாவிக்கரை சொன்ன புள்ளிவிபரக் கணக்கு, அங்கீகாரம் எல்லாம் உண்மை, எனது பாடநெறிக்கு அது இருந்தது என்பதால் நான் தப்பினேன். ஆனால் சேர்த்துப் படித்ததில் கிடைத்த ஒன்றைத் தனித்தனியாகப் படித்திருந்தால் பெற்றிருப்பேனா என்பது சந்தேகம்.

இரண்டு பாடமும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். காலையில் உளவியல் விரிவுரையில் ஆளுமை, மூளை, சிறுவயது அனுபவம் என்று எல்லாம் ஆளுக்குள்ளே இருக்கும். பின்னேரம் குற்றவியல் விரிவுரைக்குப் போனால், எதைக் குற்றம் என்று யார் தீர்மானித்தது, ஏன் ஏழைத் தெருவில் மட்டும் பொலிஸ் நிற்கிறது என்று கேட்பார்கள். 1876இல் இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற வைத்தியர் தாடையையும் காதையும் அளந்து பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியதிலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது. முகத்தைப் பார்த்தே "இவன் கள்ளன்தான்" என்று சொல்கிற ஆட்கள் நம்மூர்ச் சந்தியில் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

நம்மூருக்குப் பொருந்துகிற உதாரணம் ஒன்று சொல்கிறேன். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 வரை சட்டப்படி குற்றம். உயிர் தப்பியவர் மேல் வழக்கு வரலாம் என்ற நிலைமையில் வீட்டார் விஷயத்தை மறைப்பார்களா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்களா? அந்தச் சட்டம் போனது நல்லது. ஆனால் தற்கொலை எண்ணிக்கை இறங்கியதற்குப் பெரிய காரணம் வேறு. 1995இல் நமது நாட்டின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 அளவில் இருந்தது, உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. வயல் செய்கிற ஊர்களில் வீட்டுக்கு வீடு கிருமிநாசினி இருந்தது, கோபத்தில் கை போகிற தூரத்தில். மிக நச்சான பூச்சிமருந்துகளை 1995ஐ ஒட்டியும் 1998இலும் அரசாங்கம் தடை செய்தது. பத்து வருடத்தில் வீதம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அந்தப் பத்து வருடத்திலும் நம்மூரில் போர், சுனாமி, கடன், குடி எதுவும் குறையவில்லை. மனதை மாற்றாமல் கைக்கெட்டுவதை மாற்றியே இத்தனை உயிர் மிஞ்சியிருக்கிறது.

இதே யோசனைதான் குற்றத் தடுப்பிலும் இருக்கிறது. ரொனால்ட் கிளார்க் என்பவர் உளவியல் படித்துவிட்டு இங்கே உள்துறை அமைச்சின் ஆய்வுப் பிரிவில் வேலை செய்தவர். ஆளைத் திருத்துவதை விடச் சந்தர்ப்பத்தை அடைப்பது எளிது என்ற கோட்பாட்டைக் குற்றவியலில் வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். வீட்டு அடுப்புக்கு வந்த நச்சு வாயுவை மாற்றியபோது பிரித்தானியாவில் தற்கொலை குறைந்ததையும் அவர் ஆராய்ந்தார். அவருக்கு இரண்டு பாடமும் ஒரே தலைக்குள் இருந்தது.

சாட்சி விஷயமும் அப்படித்தான். 1974இல் எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் கார் விபத்துப் படத்தைக் காட்டி, கேள்வி கேட்ட விதத்தை மட்டும் மாற்றினார்கள். "நொறுங்கி மோதின" என்று கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு கிழமை கழித்துப் படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். இதைப் படித்துவிட்டு, ஒரு சின்னப் பிள்ளையிடம் பொலிஸ், வைத்தியர், சட்டத்தரணி என்று ஆள் மாறி ஆள் ஒரே கேள்வியைக் கேட்பதை யோசித்துப் பாருங்கள். சிறுவர் சாட்சியத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் காட்டலாம் என்று இலங்கையில் 1999இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கமெராவுக்கு முன் இருந்து தமிழில் ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் கிழக்கில் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி.

களுவாஞ்சிகுடிப் பிள்ளை

எல்லோருக்கும் மிச்சம் நன்றி. நீதிமன்ற வாசல் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கறையான் கதைக்குச் சிரித்தா, அதற்குப் பிறகும் "ஆனாலும்" என்றுதான் தொடங்கினா. தனியார் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு வாவிக்கரை அண்ணா சொன்ன இரண்டையும் கேட்டிருக்கிறேன். "கட்டணத்தில் கழிவு இருக்கிறது, இந்தக் கிழமைக்குள் பதியுங்கள்" என்று பதில் வந்தது, கேட்டதற்குப் பதில் இல்லை.

அரச பல்கலைக்கழகத்தில் இரண்டையும் எடுக்க வழி இல்லையா? ஸ்ரீ ஜயவர்தனபுரவில் குற்றவியல் இருக்கிறது என்கிறார்கள்.

சாய்ந்தமருதூரான்

தங்கச்சி, அந்தப் பதிலே பதில். காணியை விற்க வேண்டாம்.

ஜயவர்தனபுரவில் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்கும் தனித் துறையே இருக்கிறது, ஆனால் தமிழ் மொழிமூலம் இல்லை, ஆங்கிலத்தில் படிக்கத் துணிவு வேண்டும். முதல் வருடம் கஷ்டப்படுவீர்கள், நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கஷ்டப்பட்டுத்தான் வந்தார்கள். உளவியல் என்றால் பேராதனையைப் பாருங்கள், யாழ்ப்பாணத்தில் தமிழிலும் படிக்கலாம். வந்தாறுமூலை என்றால் சமூகவியலை எடுத்து, ஆய்வுக் கட்டுரையைக் குற்றம் சம்பந்தமாகச் செய்யலாம், அதுவும் கெட்ட வழி இல்லை, சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. எங்கே போனாலும் முதல் வருடம் மூன்று பாடம் எடுத்து, அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புக் கற்கைக்கு எடுப்பார்கள் என்பது பொதுவான நடைமுறை, ஆகவே முதல் வருடத்தைப் பகிடிவதைக்கும் ஊர் சுற்றவும் கொடுத்துவிடாதீர்கள்.

வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். உளவியலாளர் என்று பெயர்ப்பலகை போட்டு யாரும் கூப்பிட மாட்டார்கள். பட்டம் முடித்தவர்களில் கன பேர் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகத்தான் போய் உட்கார்ந்தார்கள், பலருக்குச் செய்ய வேலையே இல்லை, கதிரை கிடைத்ததே பெரிய விஷயம். நன்னடத்தை, சிறுவர் பாதுகாப்பு, உளவளத்துணை இதற்கெல்லாம் போட்டிப் பரீட்சை வரும்போதுதான் வரும். இடையில் தொண்டு நிறுவன வேலை, ஒப்பந்தம் முடிந்தால் வீடு. அதற்குள் சிங்களத்தைப் பேசவும் எழுதவும் படித்து வையுங்கள். அம்பாறைப் பக்கம் வேலை கிடைத்தால் பாதிக் கடிதம் சிங்களத்தில்தான் வரும், அது இல்லாமல் எந்தப் பட்டமும் அரைப் பட்டம்.

சட்டம் வேண்டும் என்று பிறகு தோன்றினால் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம், மட்டக்களப்பில் அவர்களுக்கு நிலையம் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது யூ.ஜி.சி கைநூலை எடுத்து, விருப்ப ஒழுங்கை ஆறுதலாக எழுதுவது. டியூசன் சேர் சொன்னார், கூட்டாளி போட்டாள் என்று எழுத வேண்டாம். ஒழுங்கை எழுதிவிட்டு இங்கே போடுங்கள், மூடுகிற திகதிக்கு முன் பார்த்துச் சொல்கிறோம்.

வாவிக்கரை

சிங்களம் பற்றிச் சொன்னது நூறு வீதம் சரி. மற்றது தங்கச்சி, முதல் வருடப் புள்ளிவிபரக் குறிப்புகள் என்னிடம் தமிழில் இருக்கிறது, கையெழுத்துத்தான் கொஞ்சம் மோசம். வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள்.