ரும்பாக்கில் எங்களுக்கு முறை வந்த வீடு

லடாக் போனவர்கள் எல்லோரும் ஏரிப் படம் போட்டாச்சு. என் பங்குக்கு ஒரு கழிப்பறைக் கதை.

லடாக்கின் பெரிய ஊரான லேயிலிருந்து ஜிங்ச்சன் வரை வண்டி, பிறகு நடை. ரும்பாக், ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் குட்டி ஊர். முதல் வீட்டிலேயே சன்னல் முழுக்கப் பூந்தொட்டிகள். இங்கேயே தங்கலாம் என்று என் வீட்டுக்காரி பையை இறக்கிவிட்டாள். அந்த வீட்டம்மா சிரித்தபடி மேட்டுப் பக்கம் கை காட்டினார். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்போமே, அங்கே விருந்தாளிக்கும் அதே முறை. இன்று ஒரு வீடு, நாளை அடுத்தது. மூச்சு வாங்க ஏறினோம். எரிச்சல்தான்.

மேல்வீட்டில் உலர் கழிப்பறை. தரையில் ஓட்டை, ஓரத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. வேலை முடிந்ததும் மண்ணை அள்ளித் தள்ளவேண்டும். மக்கியதும் பார்லி வயலுக்கு எரு. (ரகசியமாகச் சொம்போடு போனேன். பழக்கம் விடுமா?)

ராத்திரி ஸ்க்யூ, கோதுமை மாவைக் கிள்ளிப்போட்டுக் காய்கறியோடு கொதிக்கவிட்டது. சாப்பிடும்போது வீட்டுப் பெரியவர் பனிச்சிறுத்தை பற்றிச் சொன்னார். பட்டிக்குள் இறங்கினால் ஒன்றோடு நிற்காதாம், அகப்பட்ட ஆட்டையெல்லாம் கடித்துப் போட்டுவிடுமாம். "முன்னே திட்டுவோம். இப்போ அதைப் பார்க்கத்தானே பிப்ரவரிக் குளிரிலும் ஆள் வருது!"

•

அண்ணா, நாங்கள் மலைக்குள் போகவே இல்லை. லே விடுதியில் ஐந்து நாள். ஃப்ளஷ், ஷவர், வெந்நீர் எல்லாம் உண்டு. மூன்றாம் நாள் காலை குழாயில் காற்றுதான் வந்தது. விடுதிக்காரரிடம் நன்றாகவே கத்தினேன். அவர் அமைதியாக லாரிக்குப் போன் போட்டார். வருடத்துக்கே 100 மில்லிமீட்டர் அளவுதான் மழை, மிச்சமெல்லாம் மலைப்பனி உருகி வரவேண்டும் என்று பிறகுதான் படித்தேன். 1974இல் வெளியாட்களுக்குத் திறந்த ஊர்; இன்று விடுதிக்கு விடுதி ஆழ்துளைக் கிணறு. கிளம்பும் நாள் பின்பக்கம் போனால், விடுதிக்காரர் குடும்பத்துக்கு நீங்கள் சொன்ன அதே மண்வெட்டிக் கழிப்பறை! கத்தியதை நினைத்துக் கூசிப்போனேன்.

•

விடு தம்பி, நானும் முறைத்துக்கொண்டுதானே மேடேறினேன். மறுநாள் இறங்கும்போது பார்த்தால், பூந்தொட்டி வீட்டு வாசலில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எங்களைப் பார்த்து "ஜூலே" (லடாக்கி வணக்கம்) என்று கையசைத்தார். என் வீட்டுக்காரிக்கு இன்னும் அந்தச் சன்னல் மேல் கண்.