எல்லா மெஷினையும் பேட்டரிக்கு மாத்தலாமா? எதை வயர்லயே விடுறது?

தளவேலை_டீம்

நாங்க நாலு பேர். எலக்ட்ரிக்கல், ஃபால்ஸ் சீலிங், கூடவே கொஞ்சம் பிளம்பிங். இப்ப இருக்கிறது எல்லாமே வயர் மெஷின்: 10 எம்எம் டிரில், ரோட்டரி ஹேமர், 4 இன்ச் கிரைண்டர், சுவத்துல பைப் போக காடி (பள்ளம்) எடுக்க மார்பிள் கட்டர், கான்கிரீட் கொத்த ஒரு சின்ன சிப்பிங் மெஷின். ஏணி மேல நிக்கும்போது வயர் காலைச் சுத்துது. புதுக் கட்டடத்துல மேல் மாடிக்கு லைன் வந்திருக்காது, கீழருந்து 50 மீட்டர் எக்ஸ்டென்ஷன் இழுக்கணும்.

மொத்தமா 18 வோல்ட்டுக்கு மாறினா முழு நாள் ஓடுமா? 20 வோல்ட்னு விக்கிறது 18-ஐ விட பவர் அதிகமா? ஆளுக்கு எத்தனை பேட்டரி, 2 ஏஎச் (ஆம்பியர் அவர்) போதுமா 5 ஏஎச் வேணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாட்_கணக்கு

20 வோல்ட்டும் 18 வோல்ட்டும் ஒரே பேட்டரிதான். உள்ளே லித்தியம் செல்கள் வரிசையாக 5. செல்லுக்குச் சராசரி 3.6 என்று கணக்கிட்டால் 18, சார்ஜரிலிருந்து எடுத்ததும் இருக்கும் சுமார் 4 வோல்ட்டைக் கணக்கிட்டால் 20. பெட்டியில் எதை அச்சடிப்பது என்பதுதான் வித்தியாசம். நீங்கள் பார்க்க வேண்டியது வோல்ட்டையும் ஏஎச்சையும் பெருக்கி வரும் வாட் அவர். 2 ஏஎச் பேக்கில் 36, 5 ஏஎச் பேக்கில் 90.

இதை வேலையோடு வைத்துப் பாருங்கள். ஜிப்சம் போர்டு ஸ்குரூ ஒன்று ஏற 2 செகண்ட், 200 வாட் என்று வைத்துக்கொண்டால் 2 ஏஎச் பேக்கிலேயே 300 ஸ்குரூ போகும். கான்கிரீட்டில் 8 எம்எம் பிட்டில் 50 எம்எம் ஆழ ஓட்டை, 450 வாட்டில் 10 செகண்ட் எடுத்தால் 5 ஏஎச் பேக்கில் 70 ஓட்டை. பிட் மழுங்கியிருந்தால் அது பாதிகூட ஆகாது. பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் பிட் முனையைப் பாருங்கள். இரண்டுமே விட்டு விட்டுச் செய்யும் வேலை. அளவெடுப்பது, ஏணி நகர்த்துவது என்று நடுவே போகும் நேரத்தில் செல்லும் ஆறிக்கொள்ளும்.

கிரைண்டரில் அந்த இடைவெளி இல்லை. அழுத்தி வெட்டும்போது 700 வாட் இழுக்கும். 90-ஐ 700-ஆல் வகுத்தால் 8 நிமிடம்கூட வராது. அதே பேக் 3 ஆம்பியர் சார்ஜரில் நிறைய 2 மணி நேரம் பிடிக்கும், 9 ஆம்பியர் ஃபாஸ்ட் சார்ஜரில் முக்கால் மணி நேரம். 8 நிமிட வெட்டுக்கு 45 நிமிட சார்ஜ் என்றால் 5 பேட்டரி வைத்துச் சுற்றினாலும் ஒரு சார்ஜர் ஈடுகொடுக்காது. காடி எடுப்பது, சிப்பிங், கோர் கட்டிங் எல்லாம் இந்த ரகம். இவற்றை வயரிலேயே விடுங்கள். சேனல் வெட்ட, துருப்பிடித்த போல்ட்டை அறுக்க, நாலு ராடு துண்டாக்க என்றால் பேட்டரி கிரைண்டர் தாராளமாக உழைக்கும்.

2 ஏஎச் பேக்கை கிரைண்டரில் மாட்டாதீர்கள். சீக்கிரம் தீரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 700 வாட் என்றால் 18 வோல்ட்டில் 39 ஆம்பியர். 2 ஏஎச் பேக்கில் 5 செல் ஒரே வரிசை, 39 ஆம்பியரும் ஒவ்வொரு செல்லின் வழியாகவும் போயாக வேண்டும். 5 ஏஎச் பேக்கில் பெரும்பாலும் 10 செல், இரண்டிரண்டாகச் சேர்த்திருப்பார்கள். செல்லுக்கு 20 ஆம்பியருக்குள் நிற்கும். சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் செல்லில் பிறக்கும் சூடு கால்வாசிக்கு இறங்கிவிடும். மெஷின்களில் வரும் 18650 என்ற உருளை செல் தொடர்ந்து தாங்குவது 20, 25 ஆம்பியர்தான். அதே சமயம் தலைக்கு மேல் ஸ்குரூ போடுபவருக்கு 2 ஏஎச்தான் நல்லது. 5 ஏஎச் அதைவிடக் கால் கிலோவுக்கு மேல் கனம். மாலைக்குள் தோள்பட்டை சொல்லிவிடும்.

உங்கள் டீமுக்கு என் கணக்கு: ஆளுக்கு 2 ஏஎச் இரண்டு, ஹேமரும் கிரைண்டரும் பிடிக்கும் இருவருக்கும் 5 ஏஎச் இரண்டிரண்டு, ஃபாஸ்ட் சார்ஜர் இரண்டு. எல்லாம் ஒரே கம்பெனியாக இருக்கட்டும்.

பழுது_பட்டறை

கணக்கு சரி. பேட்டரி எதனால சாகுதுன்னு நான் சொல்றேன்.

முதல் எதிரி சூடு. கிரைண்டர்லருந்து கழட்டின பேக்கை கை பொறுக்காத சூட்டோட அப்படியே சார்ஜர்ல குத்தக் கூடாது. நல்ல சார்ஜர் 45, 50 டிகிரிக்கு மேல ஏத்தாம, லைட்டை வேற மாதிரி சிமிட்டிக்கிட்டு ஆறட்டும்னு நிக்கும். மட்டமான சார்ஜர் பார்க்காம ஏத்தும். வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள போட்டு வைக்கிறதும் அதே கேடுதான்.

அடுத்தது ஒட்ட வடிக்கிறது. மெஷின் கட் ஆனதும் ஒரு நிமிஷம் விட்டு மறுபடி டிரிகரை அழுத்தினா கொஞ்சம் ஓடும். அதையே நாலு தடவை பண்ணி, அப்படியே ஒரு மாசம் பெட்டியில போட்டா செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழ போயிடும். இன்னும் ரொம்பக் கீழ இறங்கினா உள்ள இருக்கிற செம்பு ஃபாயில் கரைய ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் சார்ஜ் ஏத்தினா உள்ளயே ஷார்ட் ஆக வாய்ப்பு இருக்கு. வேற பேட்டரியிலருந்து வயர் குடுத்து "எழுப்பி விடுற" வேலைய இதனாலதான் செய்யவே கூடாதுங்கறேன். வேலை இல்லாத நாள்ல பாதி சார்ஜோட நிழல்ல வைங்க.

சார்ஜ் ஏறுது, ஆனா உடனே தீருதுன்னா மொத்த வோல்ட்டைப் பார்த்து பிரயோஜனம் இல்ல. திறந்து வரிசை வரிசையா அளந்தா நாலு வரிசை 3.9 காட்டும், ஒண்ணு மட்டும் 3.2-ல நிக்கும். அந்த ஒண்ணு விழுந்ததும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு போர்டு) மொத்தத்தையும் கட் பண்ணிடும். ஒரு வரிசைக்கு மட்டும் புது செல் போட்டா கொஞ்ச நாள்ல பழைய கதைதான், பழசும் புதுசும் ஒத்துப் போகாது.

டூப்ளிகேட் பேக்கை தராசுல புடிச்சிடலாம். 18650 செல் ஒண்ணு 45 கிராம் கிட்ட இருக்கும். பத்து செல்லே 450, கவர் போர்டு எல்லாம் சேர்த்தா 600-ஐத் தாண்டும். பெரிய 21700 செல் அஞ்சு போட்டிருந்தாலும் செல் மட்டுமே 350-க்கு வரும். 5 ஏஎச்னு ஸ்டிக்கர் ஒட்டி மொத்தமே 400 கிராம் இருந்தா உள்ள சின்ன செல் அஞ்சுதான். அதுல 5 ஏஎச் வரவே வராது.

பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) எடுக்கறீங்கன்னா கார்பன் மாத்துற வேலை மிச்சம். ஆனா ரோட்டர்ல காந்தம் இருக்கு, கிரைண்டர்ல பறக்கிற இரும்புத் தூள் உள்ள போய் அதுல ஒட்டும். பேட்டரியைக் கழட்டிட்டு வாரம் ஒரு தடவை காத்து அடிங்க. போர்டு போச்சுன்னா பல மாடல்ல ஸ்விட்சோட சேர்த்துதான் மாத்தணும்.

சீலிங்_ஃப்ரேம்

ஜிப்சம் போர்டுக்கு இம்பாக்ட் டிரைவர் எடுத்துடாதீங்க. பெரும்பாலானதுல கிளட்ச் (வச்ச இறுக்கம் வந்ததும் திருகுறதை நிறுத்துறது) கிடையாது, ஸ்குரூ தலை பேப்பரைக் கிழிச்சு உள்ள போயிடும், அந்த இடத்துல பிடிப்பே இருக்காது. கிளட்ச் உள்ள டிரில் டிரைவர்ல குறைஞ்ச நம்பர்ல ஆரம்பிச்சு, தலை ஒரு மயிரிழை உள்ள போற வரைக்கும் ஏத்திக்கிட்டே வாங்க. எம்சிபி (ட்ரிப் ஸ்விட்ச்) டெர்மினலுக்கும் இம்பாக்ட் ஆகாது. தகரத்துல செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூ, மரத்துல நீள ஸ்குரூவுக்கு அதை விட்டா வேற இல்ல, கை திருகாது.

ஸ்லாப்ல ஆங்கர் ஓட்டை போட "ஹேமர் டிரில்"னு போட்டிருக்கிற டிரைவரை நம்பாதீங்க. அதுல ரெண்டு பல் தட்டு உரசித்தான் அதிருது, செங்கலுக்கு மட்டும் போதும். 2 ஜூல் அடி வேகம் உள்ள எஸ்டிஎஸ் (பிட்டைச் செருகினாலே பூட்டிக்கிற வகை) ரோட்டரி ஹேமர்ல பிஸ்டன் காத்தை அழுத்தி அடிக்குது, கையால ரொம்ப அழுத்தத் தேவையில்ல. தலைக்கு மேல போடும்போது பிட்டுல ரப்பர் டஸ்ட் கப் மாட்டுங்க, இல்லன்னா தூள் நேரா சக்குக்குள்ள இறங்கும்.

தளவேலை_டீம்

அப்ப கட்டரும் சிப்பிங்கும் வயர்லயே இருக்கட்டும். இன்னும் ரெண்டு கேள்வி. ஒரு கம்பெனி பேட்டரியை இன்னொரு கம்பெனி மெஷின்ல மாட்ட அடாப்டர் வருதே, வாங்கலாமா? லைன் இல்லாத சைட்ல வண்டியில இன்வெர்ட்டர் வச்சு சார்ஜ் பண்ணலாமா?

பழுது_பட்டறை

அடாப்டர் வேண்டாம். சில கம்பெனியில சார்ஜ் தீர்ந்தா நிறுத்துற வேலை பேட்டரிக்குள்ள இருக்காது, மெஷின்லதான் இருக்கும். அடாப்டர் பிளஸ் மைனஸை மட்டும் இணைச்சா நிறுத்தச் சொல்ல ஆளே இல்ல, செல் செத்த பிறகுதான் தெரியும். இன்னொண்ணு, கழட்டின பேக்கை ஸ்குரூ டப்பாவோட ஒரே பையில போடாதீங்க. ரெண்டு ஸ்குரூ டெர்மினலுக்குக் குறுக்க விழுந்தா போதும், பத்திக்கும். மூடி போட்டே எடுத்துட்டுப் போங்க.

வாட்_கணக்கு

இன்வெர்ட்டரில் பண்ணலாம், ப்யூர் சைன் வேவாக இருக்க வேண்டும். 9 ஆம்பியர் சார்ஜர் உள்ளே இழுப்பது 200 வாட்டுக்கு மேல். 12 வோல்ட் பக்கம் அது 20 ஆம்பியரை நெருங்கும். வண்டியின் லைட்டர் சாக்கெட் ஃபியூஸ் பொதுவாக 10, 15 ஆம்பியர்தான், தாங்காது. வண்டி பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்து, தடித்த வயரில் எடுங்கள். 3 ஆம்பியர் சார்ஜர் என்றால் சாக்கெட்டே போதும். இன்ஜின் ஓடாமல் ஒரு 5 ஏஎச் பேக்கை முழுதாக ஏற்றினால் வண்டி பேட்டரியிலிருந்து 9, 10 ஏஎச் போய்விடும். இரண்டாவது பேக்கைப் போடும் முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓட விடுங்கள்.