விமான நிலையங்களுக்கு இடையே தூரம் சரியாக வருகிறது, நேரம் இடிக்கிறது: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. இரண்டு நகரங்களின் விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தூரமும் பயண நேரமும் கணக்கிடும் எக்செல் தாளுக்கு உங்கள் யோசனை வேண்டும்.

தூரத்தில் சிக்கல் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகையை ரேடியன் என்ற கோண அலகுக்கு மாற்றி, கோளப் பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் தரும் ஹாவர்சைன் சூத்திரத்தில் புவியின் ஆரத்தை 6371 கி.மீ. என்று வைத்தால் போதும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை என்பதால் சுமார் 0.5 சதவீதம் வரை பிசகலாம். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே அல்ல. 13 டிகிரி 30 நிமிடத்தை 13.5 என்று போடாமல் 13.30 என்று போடுவதுதான் உண்மையான ஆபத்து, விடையே பல கிலோமீட்டர் தள்ளிப்போகும். விமான நிலையத்துக்குப் பதில் நகர மையத்தின் இருப்பிடத்தை எடுத்தாலும் அப்படித்தான்.

நேரத்துக்கு, தூரத்தை மணிக்கு 850 கி.மீ.யால் வகுத்து, தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் 30 நிமிடம் கூட்டுகிறேன். நடுத்தரத் தூரங்களுக்கு ஓரளவு ஒத்துவருகிறது. குறுகிய தடங்களில் விமானம் முழு வேகத்தை எட்டுமுன்பே இறங்கத் தொடங்குகிறது. டர்போப்ராப் (சுழலும் விசிறியால் இயங்கும் விமானம்) என்றால் வேகமே மணிக்கு 500 கி.மீ. அளவுதான். நீண்ட தடங்களில், மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம் கிழக்கே போகும்போது தள்ளுகிறது, மேற்கே போகும்போது தடுக்கிறது.

இந்தக் காற்றுத் திருத்தத்தை எப்படிச் சேர்ப்பது? அட்சரேகைக்கும் மாதத்துக்கும் ஏற்ற சராசரிக் காற்று வேகம் எங்கே கிடைக்கும்? விமான அட்டவணை நேரத்தோடு ஒப்பிடுவதிலும் தயக்கம் உண்டு, தாமதத்தைச் சமாளிக்க அதில் கூடுதல் நிமிடங்கள் சேர்க்கிறார்கள். சக்கரம் தரையை விட்டது முதல் தொட்டது வரையிலான நேரம் மட்டும் தரும் பதிவுகள் தெரிந்தால் சொல்லுங்கள்.