வாஷிங் மெஷின் ஹோஸை கக்கூஸ் பைப்ல சொருகி அடைச்சிரலாமா?

தங்கச்சிமடத்துக்காரன்:
புது பிரண்ட் லோடு மெஷின், பின்பக்கத் தாழ்வாரத்துல வச்சிருக்கோம். கழிவு ஹோஸை இப்போதைக்கு பாத்ரூம் தரையில தண்ணி வெளிய போற ஓட்டை, நாணி டிராப்பும்பாங்களே, அது பக்கத்துல போட்டு விட்டாச்சு. தண்ணி ஏற ஏற அங்கிட்டு போய்க்கிட்டே இருக்கு, மெஷினும் எடுத்துக்கிட்டே இருக்கு நிறைய மாட்டேங்குது, காவிரித் தண்ணி வர்ற நேரம் பாத்து தொட்டியில புடிச்சு வச்சா அம்புட்டும் காலி. பைப் வேலை பாக்குற அண்ணன், பக்கத்துல போற கக்கூஸ் பைப்ல ஓட்டை போட்டு ஹோஸை விட்டு எம்சீல் வச்சு அடைச்சிரலாம், ஒரு சொட்டு வெளிய வராதுங்கறாரு. செய்யலாமா?

கீழக்கரை பிளம்பிங்:
அடைக்கவே கூடாது தம்பி. ஹோஸ் முனை கீழ கிடக்குறதாலதான் வண்டியில டியூப் விட்டு பெட்ரோல் எடுக்குற மாதிரி தானா இழுத்துட்டுப் போகுது. எம்சீல் வச்சா காத்து நுழைய வழியில்லாம இழுப்பு நிக்காது, அதோட என்னைக்காவது கக்கூஸ் பைப் அடைச்சுச்சுன்னா அந்த அழுக்கு நேரா மெஷினுக்குள்ள ஏறும், துவைக்கிற துணியில.
சுவத்தோரமா ரெண்டு இஞ்ச் பிவிசி பைப்பை நட்டுக்குத்தா நிறுத்துங்க, வாய் தரையிலருந்து ரெண்டரை அடி இருக்கட்டும், மெஷின் புக்லயும் உயரம் போட்டிருக்கும், பெரும்பாலும் 60லருந்து 100 செ.மீ.க்குள்ள வரும். கீழ பி டிராப்னு வளைஞ்ச பைப் போடுங்க, அதுல 50 மி.மீ. தண்ணி நின்னாத்தான் நாத்தமும் கரப்பானும் மேல வராது. ஹோஸை அரைச் சாண் மட்டும் உள்ள விட்டு, சுத்தி இடைவெளி விட்டு, சுவத்தோட கட்டிருங்க, இல்லன்னா தண்ணிய தள்ளும்போது துள்ளி வெளிய விழுந்துரும். இரும்பு கிளாம்ப் வேணாம், நம்ம உப்புக்காத்துல தாங்காது, பிளாஸ்டிக் டை போதும்.

ஏர்வாடி அக்கா:
கீழக்கரை காக்கா சொன்னது சரி. செப்டிக் டேங்குக்கே விடாதீங்க தம்பி, ஒரே நேரத்துல அம்புட்டு தண்ணி போய் விழுந்தா கசடு கீழ தங்காம கலங்கி வெளிய போயிரும். தனியா உறிஞ்சுகுழி வெட்டுங்க, மணல் பூமிதானே சட்டுனு இழுத்துக்கிரும். ஆனா அதேதான் வில்லங்கமும், கெணத்துப் பக்கம் வெட்டுனா சோப்புத் தண்ணி கெணத்துக்கே வந்து சேரும், எங்க தெருவுல ஒரு வீட்டுல நுரை வர்ற அளவுக்கு ஆச்சு. கடலுக்குப் போறவங்க துணின்னா மணலும் பஞ்சுமா வரும், குழிக்கு முன்னாடி சின்னதா ஒரு தொட்டி கட்டி வலை போட்டுட்டா அதுலயே நின்னுரும், வாரத்துக்கு ஒருக்கா அள்ளிப் போடுங்க.

மண்டபம் மச்சான்:
எங்க வீட்டுல டாப் லோடு, இதேதானா காக்கா?

கீழக்கரை பிளம்பிங்:
பம்ப் இருக்கான்னு பாருங்க. பம்ப் இல்லாத மாடல்னா ஹோஸ் தரையோட தரையா கிடக்கணும், தூக்கி வச்சா தண்ணி இறங்காது. செமி ஆட்டோமேட்டிக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

தங்கச்சிமடத்துக்காரன்:
நன்றி காக்கா, நன்றிக்கா. அண்ணன்கிட்ட காட்டுனேன், ஒத்துக்கிட்டாரு. வீட்டுல ஒரு இஞ்ச் பைப் மிச்சம் கிடக்கு, அதையே நிறுத்திரலாமாங்கறாரு?

கீழக்கரை பிளம்பிங்:
பத்தாது. பம்ப் தள்ளுற வேகத்துக்கு மேல பொங்கி தாழ்வாரம் பூரா ஓடும். ஒன்றரைக்குக் கீழ போகவே போகாதீங்க.