ஹோமில் இருந்து 18 வயதில் வெளியே வந்தால் முதலில் வேலையா, கல்லூரியா?

பாலாறு:
நம் வடாற்காட்டுப் பக்கம் குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, பிளஸ் டூ முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு முதலில் வேலைதான் வேண்டும் என்பது என் கருத்து. ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. சம்பளம் வந்தால் யாரிடமும் கையேந்த வேண்டாம். கல்லூரியில் சேர்த்துவிட்டு இரண்டாம் வருடம் செலவுக்கு ஆளில்லாமல் நிற்க வைப்பது பெரிய கொடுமை. படிப்பை அஞ்சல் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டேரி:
ஷிப்ட் முடிந்து வந்து யார் சார் புத்தகத்தைத் திறப்பார்கள்? 18 ஆனதும் கைகழுவச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வெளியே வந்த பிறகும் தரும் ஆதரவு, இருக்கிறது. விதிகளின்படி 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. அதற்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் கல்லூரியில் படிக்கும்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. வேலூரிலேயே பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி, இங்கே ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி. இவ்வளவும் இருக்க, பிள்ளையை ஏன் நேராக கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்?

பாலாறு:
எல்லாம் காகிதத்தில் சரி. முதல் தவணை வருவதற்குள் அவன் எங்கே தங்குவான்? சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி இருக்கும் அறைகளை நோயாளிகளின் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மாணவனுக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? கம்பெனி விடுதியில் அன்றைக்கே இடம் கிடைக்கும்.

மலையடிவாரம்:
அண்ணா, நான் ஹோமில் வளர்ந்து டிகிரி முடித்தவள். கம்பெனி விடுதியில் இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வேலை போகிற அன்றைக்கே படுக்கையும் போய்விடும். கல்லூரி விடுதியும் மே மாதம் மூடிவிடும். எல்லோரும் ஊருக்குக் கிளம்புவார்கள், எனக்கு எந்த ஊர்? தோழி வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? வாடகைக்கு வீடு கேட்டால், "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாம்மா" என்பார்கள். கையெழுத்துப் போட, காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு பெரியவர் வேண்டும். அதற்கு எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது?

இன்னொன்று, சான்றிதழ். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, வேறு ஆதரவும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது பல வார்டன்களுக்கே தெரியாது. பதினொரு வயதில் இழந்தவனுக்கு அதுவும் கிடையாது. அவன் செய்த குற்றம் என்ன?

ஓட்டேரி:
அப்படியென்றால் 16 வயதிலேயே ஆதார், வங்கிக் கணக்கு, சான்றிதழ் எல்லாம் அவர்கள் கையில் இருக்க வேண்டும், பாப்பா. பிற்காப்பு மனுவும் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். விடுமுறையில் தங்க இல்லத்திலேயே இரண்டு அறை ஒதுக்கலாம்.

பாலாறு:
அந்த இரண்டு அறை உறுதியானால் நானும் கல்லூரி என்றே சொல்வேன். அதுவரை வேலைக்கு அனுப்புகிறவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

மலையடிவாரம்:
தப்பு சொல்லவில்லை அண்ணா. ஆனால் எங்கே போகிறாய் என்று அந்தப் பிள்ளையிடமே முதலில் கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.