தேயிலைச் சாற்றில் வைட்டமின் சி சேர்த்தால் ரீடிங் ஏறுகிறது, இதைக் கூட்டு விளைவு என்று எழுதலாமா?

தக்கலைப்பொண்ணு:
நாகர்கோவிலில் எம்.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறேன். தேயிலைச் சாற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை வைட்டமின்கள் எப்படி மாற்றுகின்றன என்பதுதான் ப்ராஜெக்ட், வீட்டில் கட்டன் சாயாவில் (பால் விடாத தேநீர்) எலுமிச்சை பிழிந்து குடிப்போம், அதிலிருந்து வந்த யோசனை. டிபிபிஹெச் என்ற ஊதாச் சாயம் எத்தனை சதவீதம் வெளுக்கிறது என்று 517 நானோமீட்டரில் பார்த்தேன். பசுந்தேயிலைச் சாறு மட்டும் 71 சதவீதம், வைட்டமின் சி சேர்த்ததும் 93, வைட்டமின் ஈ சேர்த்தால் 60க்கு இறங்கிவிட்டது. சி கூட்டுகிறது, ஈ குறைக்கிறது என்று எழுதி வைத்துவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. சி-க்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய, சப்பிச் சாப்பிடும் மாத்திரையைப் பொடித்துப் போட்டேன், ஈ-க்கு கேப்ஸ்யூல் எண்ணெய். அடுத்த வாரம் கைடிடம் காட்ட வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் லேப்:
அந்த முடிவை இப்போதைக்கு அழித்துவிடு மக்களே. வைட்டமின் சி தானே டிபிபிஹெச்சின் ஊதா நிறத்தை ஓரிரு நிமிடத்தில் வெளுக்க வைத்துவிடும், தேயிலை இல்லாவிட்டாலும். சி மட்டும் எவ்வளவு என்று நீ பார்க்கவே இல்லையே? தேயிலை தனி, சி தனி, இரண்டும் சேர்த்து என்று மூன்றும் வேண்டும். அப்புறம் சதவீதங்களை அப்படியே கூட்டாதே. 40ம் 30ம் என்றால் எதிர்பார்க்க வேண்டியது 70 இல்லை, 58, ஏனென்றால் முதலாவது விட்டுவைத்த 60ல்தான் இரண்டாவது 30 சதவீதத்தை எடுக்க முடியும். அதற்கு மேல் தெளிவாக வந்தால்தான் கூட்டு விளைவு, அதாவது ஒன்று மற்றதன் திறனை ஏற்றுகிறது. 71ல் தொடங்கினால் மேலே ஏற இடமே இல்லை, சாற்றை நன்றாக நீர்த்து 30, 40க்குக் கொண்டு வா.

மாத்திரையில் சர்க்கரையும் நிறமும் கிடக்கும், சுத்தமான அஸ்கார்பிக் அமிலம் லேபிலேயே இருக்கும், கேட்டு வாங்கு. ஈ விஷயம் இதைவிட மோசம். கேப்ஸ்யூலில் பெரும்பாலும் டோகோஃபெரில் அசிடேட்தான் இருக்கும், அட்டையைப் பார். வேலை செய்ய வேண்டிய ஹைட்ராக்சில் முனை அதில் அடைபட்டுக் கிடக்கிறது, உடம்புக்குள் போய்ப் பிரிந்தால்தான் உண்டு. போதாததற்கு எண்ணெய் கலங்கி நின்று ஒளியை மறிக்கிறது, மெஷின் அதைத் திறன் குறைந்ததாகக் காட்டுகிறது. டிபிபிஹெச் போடாத பிளாங்க் (ஒப்பிட வைக்கும் குழாய்) ஒன்று வைத்துக் கழித்துப் பார், தெரிந்துவிடும்.

குழித்துறை டீச்சர்:
அண்ணன் சொன்னது சரி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள் மோளே, சி-யின் முக்கியமான வேலை ரீடிங்கை ஏற்றுவது இல்லை, தேயிலையின் முக்கிய ஆன்டிஆக்ஸிடன்டான கேட்டிகினைக் காப்பது. கேட்டிகின் அமிலத்தில் நிற்கும், குடலில் இருக்கிற மாதிரி நடுநிலை வந்ததும் சிதைய ஆரம்பித்துவிடும். 2007இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் செயற்கைச் செரிமானத்தில் பார்த்தபோது வெறும் பசுந்தேயிலையின் கேட்டிகினில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை, எலுமிச்சை வகைச் சாறும் வைட்டமின் சி-யும் சேர்த்தபோது நிறையவே மிஞ்சியது. உன் ப்ராஜெக்ட் இந்தப் பக்கம் திரும்பினால் நன்றாக இருக்கும்.

கொல்லங்கோடு:
நடுவில் ஒரு சந்தேகம். எலுமிச்சை விட்டதும் கட்டன் சாயா வெளுத்துவிடுகிறதே, சத்து அழிந்துபோகிறதா?

குழித்துறை டீச்சர்:
இல்லை. கறுப்புத் தேயிலையின் நிறப்பொருள்களான தியாரூபிஜின்கள் அமிலம் கூடினால் நிறம் மாறும், அவ்வளவுதான். ஒரு துளி சோடா உப்பு போட்டால் திரும்பவும் கறுக்கும், வீட்டிலேயே பார்க்கலாம்.

தக்கலைப்பொண்ணு:
நேற்று திரும்பச் செய்தேன். தேயிலை 34, சி 29, சேர்த்து 52. அண்ணன் சொன்ன கணக்குப்படி 53 வர வேண்டும், அப்படியானால் இரண்டும் தனித்தனியாகத்தான் வேலை செய்கின்றன, கூட்டு விளைவு இல்லை. அட்டையில் அசிடேட் என்றே போட்டிருக்கிறது, ஈ-யின் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். நாளை குடலைப் போல நடுநிலையை ஒட்டிய பிஹெச் 7.4 பஃபர் கரைசலில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம், சி போட்டு ஒரு குழாய், போடாமல் ஒன்று, சி மட்டும் ஒன்று வைக்கப் போகிறேன். டீச்சர், கேட்டிகினைத் தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி எங்கள் கல்லூரியில் இல்லை, வேறு வழி உண்டா?

குழித்துறை டீச்சர்:
மொத்த பீனால்களை அளக்கும் ஃபோலின் முறைக்குப் போகாதே, அதிலும் சி குறுக்கே வரும். வெனிலின் அமில முறை பார், கேட்டிகினுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும், 500 நானோமீட்டரில் எடு. சி மட்டும் வைக்கிற குழாயை அதிலும் ஓட்டு.