பிங் சரியாக இருக்கிறது, கோப்பு அனுப்பினால் மட்டும் வேகம் விழுகிறது: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் மேல்மாடிக் கணினிகளிலிருந்து சர்வருக்குப் பெரிய கோப்பு அனுப்பும்போது வேகம் படுத்துவிடுகிறது. சர்வரிலிருந்து இறக்கும்போது எந்தக் குறையும் இல்லை.

பிங்கில் (இணைப்பைச் சோதிக்க அனுப்பும் சிறு பொதிகளில்) இழப்பு தெரியவில்லை. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் அனுப்பினாலும் போகிறது, அதனால் எம்டியு (ஒரே பொதியில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) 1500-இல் சந்தேகம் இல்லை. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினால் மேலிருந்து கீழே வரும் திசையில்தான் அடி வாங்குகிறது. பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் டிசிபி மறு அனுப்பல்கள் (தொலைந்த பொதிகளைத் திரும்ப அனுப்புவது) நிறைய. கீழ்மாடி சுவிட்சின் அப்லிங்க் போர்ட்டில் (மேல்மாடி சுவிட்சோடு இணைக்கும் போர்ட்) சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. மேல்மாடி சுவிட்சில் ஒன்றும் இல்லை. லேட் கொலிஷனும் (தாமதமாக நேரும் தரவு மோதல்) இல்லை, இரண்டு முனையும் முழு டூப்ளெக்ஸ்தான் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்பும் முறை). பேட்ச் கேபிள்களை (சுவிட்சில் செருகும் குட்டைக் கேபிள்கள்) மாற்றியாயிற்று.

சுவருக்குள் போகும் கேபிளா, அனுப்பும் போர்ட்டா என்று பிரித்தறிய எது நம்பகமான வழி? சுவிட்சிலேயே இருக்கும் கேபிள் சோதனையை ஓட்டினால் இணைப்பு சற்று நேரம் அறுந்துவிடும், வேலை நேரத்தில் அது முடியாது. அப்புறம், போர்ட் பிழைகளை எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளின் நிலையைக் கேட்டு வாங்கும் முறை) வழியாக எடுத்து வரைபடமாகக் காட்டக் கண்காணிப்பு மென்பொருள்களில் எது நல்லது, ஜாபிக்ஸா, லிப்ரேஎன்எம்எஸ்ஸா? சிறிய நெட்வொர்க்தான். இரண்டையும் பயன்படுத்தியவர்கள் சொன்னால் பெரிய உதவி.